ஸிப் கோப்பு முதல் கிலோபைட்டைத் தாண்டவில்லையா? டிஎஸ்இசட்டைக் குறை சொல்ல வேண்டாம்

பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். பழைய டாஸ் கணினியைப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸ் நிரலுக்குள் ரிமோட்அக்செஸ் என்ற மென்பொருளில் ஒரு பிபிஎஸ் (பிறர் இணைந்து செய்தி எழுதவும் கோப்பு இறக்கவும் உதவும் கணினிப் பலகை) ஓட்டுகிறீர்கள். நண்பர்கள் சிங்க்டெர்ம் என்ற டெர்மினல் நிரலில் டெல்நெட் வழியாக உள்ளே வருகிறார்கள், மெனு தெரிகிறது, செய்தி எழுதுகிறார்கள், எல்லாம் சரி. கோப்பு இறக்குவதற்கு, இசட்மோடம் முறையில் கோப்பு அனுப்பும் டிஎஸ்இசட் நிரலை வெளிப் புரோட்டோகாலாகச் சேர்த்திருக்கிறீர்கள். ஆங்கில ரீட்மீ போகிறது, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள உரைக்கோப்பும் போகிறது. ஸிப் கோப்பு மட்டும் முதல் கிலோபைட்டிலேயே சிஆர்சி (தரவு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) பிழை காட்டி நின்றுவிடுகிறது. எழுத்துருக் கோப்புகள் சற்றுத் தள்ளிப் போய், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கின்றன. டிஎஸ்இசட்டைப் பதிவு செய்யாததால் இப்படியா, எச்எஸ்லிங்க் என்ற வேறு பரிமாற்ற நிரலைப் போட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டுக்கும் என் பதில் "இல்லை" என்பதுதான். இசட்மோடமின் அடிப்படை வேலைக்குப் பதிவு தேவையில்லை. நிரலை மாற்றினாலும் பாதை அதேதான், கோளாறும் அதேதான். எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதைவிட, உங்கள் வட்டிலிருந்து நண்பரின் வட்டுக்குப் போகும் வழியில் யார் பைட்டை மாற்றுகிறார்கள் என்று கேட்க வேண்டும். நான் கோலாலம்பூரில் சீரியல் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் காலம் தள்ளியவன். 90களின் தொடக்கத்தில் செந்தூலில் வீட்டுத் தொலைபேசியில் ஒரு சிறு பிபிஎஸ்ஸும் நடத்தினேன். எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் கேள்வி அதுதான்: இந்தப் பக்கம் போட்ட எட்டு பிட்டும் அந்தப் பக்கம் அப்படியே வருகிறதா?

இசட்மோடம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் கோளாறு தானாகவே விளங்கிவிடும். 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் 128 பைட்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் வந்தால்தான் அடுத்த 128. அமெரிக்காவின் டெலிநெட் போன்ற பாக்கெட் வலையங்களில் ஒவ்வொரு பதிலும் தாமதமாக வந்ததால் இந்தக் காத்திருப்பு பெரிய தொல்லையாகிவிட்டது. அதனால் டெலிநெட் பணம் கொடுத்து, 1986இல் சக் ஃபோர்ஸ்பர்க் இசட்மோடமை உருவாக்கினார். இது நிற்காமல் அனுப்பிக்கொண்டே போகும். எங்காவது சிஆர்சி பொருந்தாவிட்டால், இந்த இடத்திலிருந்து மறுபடி அனுப்பு என்று பெறும் பக்கம் சொல்லும். தொடர்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். 2400 மோடத்தில் ஒரு மெகாபைட் இறங்க 70 நிமிடத்துக்கு மேல் ஆகும், அந்தக் காலத்தில் இது எத்தனை பெரிய வரம் என்று இன்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே நமக்கு முக்கியம், அவர் எந்தெந்தப் பைட்டுகளை மறைத்து அனுப்பினார் என்பது. மதிப்பு 17, 19 கொண்ட பைட்டுகள் எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப், அதாவது அனுப்பு, நிறுத்து என்ற சைகைகள். மோடம் அவற்றைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடலாம். 16, 24 ஆகியவற்றுக்கும் தனி வேலை உண்டு. @ குறியை அடுத்து 13 (வரி முடிவு) வந்தால் டெலிநெட் கருவிகள் அதைக் கட்டளை என்று நினைக்கும். இவற்றையும், 24 தவிர மற்றவற்றின் எட்டாவது பிட் போட்ட ஜோடிகளையும் இசட்மோடம் 24ஐ முன்னால் வைத்து வேறு எழுத்தாக மாற்றி அனுப்பும். பட்டியலில் 255 இல்லை. அந்த வலையங்களில் 255க்கு எந்தச் சிறப்பும் கிடையாது, அதனால் அதை மறைக்கக் காரணமும் இருக்கவில்லை.

டெல்நெட்டில் நிலைமை வேறு. (டெலிநெட் ஒரு நிறுவனத்தின் வலையம், டெல்நெட் இணையப் புரோட்டோகால். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) டெல்நெட்டில் 255 என்றால் "இனி வருவது கட்டளை" என்று பொருள். தரவுக்குள் உண்மையான 255 இருந்தால் அனுப்புபவர் அதை இரட்டிக்க வேண்டும், பெறுபவர் இரண்டை ஒன்றாக்க வேண்டும். யாரும் இரட்டிக்காமல் வெறும் 255 போனால், நண்பரின் சிங்க்டெர்ம் அதையும் அடுத்த பைட்டையும், சில சமயம் மூன்றாவதையும் கட்டளையென்று எடுத்துப் போட்டுவிடும். சிஆர்சி பொருந்தாது. இசட்மோடம் அதே இடத்திலிருந்து மறுபடி அனுப்பும், அதே 255 மறுபடி வரும், மறுபடி பிழை. நீங்கள் பார்ப்பது இதுவேதான் என்று நினைக்கிறேன்.

ஏன் ஸிப் உடனே நிற்கிறது, உரை மட்டும் தப்பிக்கிறது? சுருக்கிய கோப்பில் எல்லாப் பைட் மதிப்புகளும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும். 256இல் ஒன்று என்றால் ஒரு கிலோபைட்டில் சராசரியாக நான்கு 255. முதல் கிலோபைட்டைத் தாண்டுவதே அதிர்ஷ்டம். எழுத்துருக் கோப்பு சுருக்கப்படாதது. தலைப்பகுதியில் பூஜ்யங்கள் நிறைய, 255 கொஞ்சம் தள்ளித்தான் வரும், அதனால் கொஞ்சம் தூரம் ஓடுகிறது. ஆங்கில உரையில் 255 வராது. திஸ்கி கோப்பு போனது எனக்கு இன்னொரு நல்ல தகவல்: திஸ்கியின் தமிழ் எழுத்துகள் 128க்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன, ஆக எட்டாவது பிட் வழியில் எங்கும் வெட்டுப்படவில்லை. ஏழு பிட், ஈவன் பாரிட்டி என்று எங்கோ அமைத்துவிட்டீர்களோ என்ற சந்தேகத்தை அதோடு விட்டுவிடலாம்.

எதில் உறுதியாக இருக்கிறேன், எதில் இல்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும் கோப்பு, குறிப்பிட்ட ஒரு பைட்டால்தான் நிற்கிறது. இதில் சந்தேகமில்லை. வேகம், பஃபர் நிரம்புதல், இணைப்புக் கோளாறு எல்லாம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்தான் காட்டும். அந்தப் பைட் 255 என்பது மிக வலுவான ஊகம், ஆனாலும் ஊகம்தான். இரட்டிக்கத் தவறுவது உங்கள் டாஸ்பாக்ஸா, நடுவில் நீங்கள் வேறு ஏதாவது நிரல் வைத்திருக்கிறீர்களா என்பது கேள்வியிலிருந்து எனக்குத் தெரியவில்லை. ஆகவே எதையும் மாற்றும் முன் சோதித்துவிடுங்கள். மூன்று சிறு கோப்புகள் போதும், பைத்தானில் ஆளுக்கு ஒரு வரி. முதலாவது, 0 முதல் 254 வரை வரிசையாக, திரும்பத் திரும்ப, ஒரு நூறு கிலோபைட் வரை. இரண்டாவது, அதே வரிசையில் 255ஐயும் சேர்த்தது. மூன்றாவது, 13ஐ அடுத்து 0 என்ற ஜோடி மட்டும் நிறைந்தது. முதலாவது போய் இரண்டாவது நின்றால் கதை முடிந்தது, 255தான்.

மூன்றாவது கோப்பு எதற்கென்றால், டெல்நெட்டின் சாதாரண நிலையில் 13ஐ அடுத்து 10 அல்லது 0 வர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. சில நிரல்கள் 13ஐ அடுத்து வரும் 0ஐ, தாங்கள் சேர்த்த பூஜ்யம் என்று எண்ணி நீக்கிவிடும். சுருக்கிய கோப்பில் இந்த ஜோடி சராசரியாக 64 கிலோபைட்டுக்கு ஒருமுறைதான் வரும். 255ஐச் சரி செய்த மகிழ்ச்சியில் இருக்கும்போது பெரிய கோப்பு ஒன்று 40, 90 கிலோபைட்டில் நின்று வெறுப்பேற்றும். அப்போது குழம்பாதீர்கள், அது வேறு நோய். டெல்நெட்டின் பைனரி (பைட்டை மாற்றாமல் அனுப்பும்) விருப்பத்தை இரு திசையிலும் இயக்கினால் அது போய்விடும். 17, 19 இரண்டையும் இசட்மோடமே மறைத்து அனுப்புவதால் அவற்றுக்குத் தனிக் கோப்பு வேண்டாம், ஆனாலும் எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் எங்கும் இயங்கக் கூடாது. ஃபாஸில் டிரைவரிலும் (பிபிஎஸ்ஸுக்கும் சீரியல் வாசலுக்கும் இடையில் நிற்கும் நிரல்) பிபிஎஸ் அமைப்பிலும் அதை அணைத்து, தனிக் கம்பிகளில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் மட்டும் வையுங்கள்.

இனி மருந்து. டாஸ்பாக்ஸின் மோடம் போலி, அதாவது அமைப்புக் கோப்பில் சீரியல்1 என்பதற்கு மோடம் என்றும் லிசன்போர்ட் என்றும் எழுதுகிறீர்களே அது, இயல்பாக டெல்நெட் பேசாது. வந்த பைட்டை அப்படியே உள்ளே தள்ளும், உள்ளிருந்து வருவதை அப்படியே வெளியே தள்ளும். மறுமுனையில் சிங்க்டெர்மோ டெல்நெட் என்று நம்பிக்கொண்டு 255ஐப் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. மிகச் சுலபமான தீர்வு, சிங்க்டெர்மில் இணைப்பு வகையை டெல்நெட்டிலிருந்து ரா என்று மாற்றுவதுதான். அங்கே யாரும் எதையும் விளக்கிக்கொள்ள மாட்டார்கள். நண்பர் ஒருவரை இப்படி வரச் சொல்லி அதே ஸிப்பை இறக்கச் சொல்லுங்கள். இறங்கிவிட்டால் என் ஊகம் சரி, டிஎஸ்இசட்டும் குற்றமற்றது.

எல்லாரையும் ராவுக்கு மாற்ற முடியாது என்றால் உங்கள் பக்கம் டெல்நெட் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். டாஸ்பாக்ஸில் ஏடி+நெட்1 (AT+NET1) என்ற மோடம் கட்டளை டெல்நெட் நிலையை இயக்கும், ஏடி+நெட்0 அணைக்கும். பிபிஎஸ்ஸின் மோடம் தொடக்க வரியில் அதைச் சேர்த்துவிட்டு, மேலே சொன்ன மூன்று கோப்புகளை இறக்கியும் ஏற்றியும் இரண்டு திசையிலும் சோதியுங்கள். ஒரு திசை மட்டும் சரியாகி மறு திசை நின்றால் அந்த வழியை விட்டுவிட்டு நடுவில் ஒரு சிறு நிரல் எழுதிக்கொள்ளுங்கள். அது வெளியே டெல்நெட், உள்ளே டாஸ்பாக்ஸுக்கு வெறும் பைட். உள்ளிருந்து வரும் 255ஐ இரட்டிக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் கட்டளைகளைப் பிரித்து எடுக்க வேண்டும், இரட்டை 255ஐ ஒன்றாக்க வேண்டும். இணைந்தவுடன் 255 251 0, 255 253 0 என்று அனுப்பினால் இரு திசையிலும் பைனரி கேட்டதாகும். அதோடு 255 251 1 எக்கோவுக்கு, 255 251 3 கோ-அஹெட் (இனி உன் முறை என்ற சைகை) இல்லாமல் நடத்துவதற்கு. பைத்தான் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை. ஆனால் இதை வைத்தால் ஏடி+நெட்0தான், இரண்டையும் சேர்த்து இயக்காதீர்கள். மாமியாரும் உப்புப் போட்டு மருமகளும் உப்புப் போட்ட சாம்பாரும் ஆகாது, அவர் போட்டிருப்பார் என்று இருவரும் விட்ட சாம்பாரும் ஆகாது. 255ஐ இரட்டிக்கும் வேலை உங்கள் பக்கத்தில் சரியாக ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும்.

டிஎஸ்இசட்டின் அமைப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது ஃபாஸில் டிரைவரை நம்பி வேலை செய்வதல்ல, சீரியல் வாசலை நடத்தும் யுஆர்ட் சில்லை நேரடியாகப் பிடிப்பது. காம்1 என்றால் முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4. டாஸ்பாக்ஸ் அந்தச் சில்லையே போலியாகச் செய்து கொடுப்பதால் உங்களிடம் பிரச்சினை இல்லை. நாளை யாராவது விண்டோஸில் நெட்ஃபாஸ் என்ற ஃபாஸில் டிரைவரைப் போட்டு ஓட்டுங்கள் என்று யோசனை சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே சில்லே கிடையாது, ஃபாஸில் அழைப்பு மட்டும்தான். டிஎஸ்இசட் அங்கே வெறுமையைத் தட்டிக்கொண்டு நிற்கும், ஃபாஸில் தெரிந்த இசட்மோடம் நிரல்தான் வேண்டும். தவிர 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரல் ஓடவே ஓடாது.

டிஎஸ்இசட்லாக் (DSZLOG) என்ற சூழல் மாறியைப் பலர் மறந்துவிடுவார்கள். பிபிஎஸ்ஸைத் தொடங்கும் பேட்ச் கோப்பில் அதற்கு ஒரு கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் டிஎஸ்இசட் அதில் ஒரு வரி எழுதும், பிபிஎஸ் அதைப் படித்துத்தான் யாருக்கு எத்தனை கோப்பு போனது என்று கணக்கு வைக்கும். வரியின் முதல் எழுத்து ஆங்கில இ (E) என்றால் பிழை, எல் (L) என்றால் கேரியர், அதாவது இணைப்புச் சைகை, அறுந்தது. நீங்கள் பைட் எண்ணிக்கையையும் பிழை எண்ணிக்கையையும் அங்கேயே பார்க்கலாம். ஒரே இடத்தில் நிற்கிறதா என்று திரையைப் பார்த்து ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அப்புறம், டாஸ்பாக்ஸ் 0.74இன் இயல்பு அமைப்பு இத்தகைய நிரல்களுக்கு 3000 சைக்கிள் (போலிச் செயலியின் வேக அளவு) மட்டுமே கொடுக்கும், மிக மெதுவான கணினிக்குச் சமம். இன்றைய இணைய வேகத்தில் மறுமுனை கொட்டும்போது ஏற்றும் கோப்புகளில் இடம் மாறி மாறிப் பிழை வந்தால் இதைச் சந்தேகியுங்கள். 20000 என்று உயர்த்திப் பாருங்கள்.

எச்எஸ்லிங்க்குக்கு வருகிறேன். ஒரே நேரத்தில் ஏற்றவும் இறக்கவும் செய்த அழகான நிரல், அந்தக் காலத்தில் எனக்கும் பிடிக்கும். ஆனால் உங்களை அழைப்பவரிடமும் அது இருக்க வேண்டுமே, இன்று யாரிடம் இருக்கிறது? அருங்காட்சியகத்துக்காக மெனுவில் வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி இருக்காதீர்கள். இரண்டாவது புரோட்டோகால் ஒன்று வேண்டுமானால் நான் கெர்மிட்டைத்தான் சொல்வேன். 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எட்டு பிட் கூடப் போகாத மோசமான பாதைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதால், இயல்பு நிலையில் எல்லாக் கட்டுப்பாட்டு எழுத்துகளையும் மறைத்தே அனுப்பும். அந்தக் கணக்கில் 255உம் அடங்கும். அதாவது இன்று உங்கள் பாதையைச் சரி செய்யாமலேயே கெர்மிட்டில் ஸிப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். மெதுவானது என்று கெட்ட பெயர் எடுத்தது, அந்தப் பெயரில் பாதி சிறிய பாக்கெட்டை வைத்தே ஓட்டியவர்களால் வந்தது. அழைப்பவரின் டெர்மினலுக்கும் கெர்மிட் தெரிய வேண்டும் என்பது மட்டும் குறை.

லினக்ஸுக்கு மாறும் எண்ணம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே எல்ஆர்இசட்எஸ்இசட் (lrzsz) என்ற இசட்மோடம் தொகுப்பு கிடைக்கும். அதில் -இ (-e) என்ற விருப்பம் எல்லாக் கட்டுப்பாட்டு எழுத்தையும் மறைக்கும் என்று படித்துவிட்டுப் பலர் இதற்கும் அதையே பரிந்துரைப்பார்கள். 13ஆல் வரும் தொல்லைக்கு அது உதவும், 255க்கு உதவாது, ஏனென்றால் இசட்மோடம் 255ஐக் கட்டுப்பாட்டு எழுத்தாகவே எண்ணுவதில்லை. கோப்பு பெறும் ஆர்இசட் நிரல் இயல்பாகவே ரெஸ்ட்ரிக்டெட் நிலையில் ஓடும், அதை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் அனுப்புபவர் பாதையோடு பெயர் கொடுத்து உங்கள் கோப்புகள் மீதே எழுதலாம். முழுதாக மாறுவதானால் சிங்க்ரோனெட் என்ற பிபிஎஸ் மென்பொருளைப் பாருங்கள். அதனுடன் வரும் இசட்மோடம் நிரல் சாக்கெட்டை நேரடியாகப் பிடித்து 255ஐத் தானே இரட்டித்துக்கொள்ளும், இந்தப் பதிலில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையே இருக்காது. ஆனால் ரிமோட்அக்செஸை உயிரோடு பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் மாறாதீர்கள், மேலே சொன்ன வழி போதும்.

இன்னும் இரண்டு விஷயம். நண்பர்கள் சிலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவர்கள் அழைத்த நேரத்தில் எந்த இணைப்பில் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று பாருங்கள். ரவுட்டரில் வெளி முகவரி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால், சேவை நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. நீங்கள் எந்த வாசலைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. பொது முகவரி தரச் சொல்லிக் கேட்க வேண்டும், அல்லது வாடகை சர்வர் ஒன்றிலிருந்து உள்ளே சுரங்கம் போட வேண்டும். டெல்நெட்டிலும் ராவிலும் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகும் என்பதால், வேறெங்கும் பயன்படுத்தாத சொல்லை வைக்கும்படி வரவேற்புத் திரையிலேயே எழுதிவிடுங்கள்.

பழைய தமிழ் எழுத்துருக்களைப் பகிர்வதைப் பற்றி. பழையது என்பதால் எல்லாமே பொதுச்சொத்து ஆகிவிடாது. நம் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் மென்பொருளான முரசு அஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள், 80களில் தொடங்கியது இன்றும் வாழ்கிறது, உரிமையாளர் இருக்கிறார். உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு எழுத்துருவுடனும் வந்த உரிமக் குறிப்பைப் படித்து, இலவசமாகப் பகிரலாம் என்று எழுதியிருப்பவற்றை மட்டும் பொதுப் பகுதியில் வையுங்கள், மற்றவற்றுக்கு அனுமதி கேளுங்கள். அந்தக் குறிப்புக் கோப்பையும் அதே ஸிப்புக்குள் சேர்த்துவிடுங்கள். எழுத்துரு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது, திஸ்கியா வேறொன்றா என்று கோப்பு விளக்கத்தில் ஒரு வரி எழுதினால் இறக்குபவர் திறந்து பார்த்துத் திண்டாட மாட்டார். சோதனைக் கோப்புகள் மூன்றின் முடிவையும், டாஸ்பாக்ஸ் பதிப்பையும், லாக் கோப்பின் கடைசி வரிகளையும் போடுங்கள், மீதியை அதை வைத்துப் பார்க்கலாம்.